கார்பன் இழையின் இழுவலிமை குறைந்து வருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

சோதனையில் வந்த வலிமை தரவுத்தாளில் இருப்பதை எட்டவில்லை என்றால், "சரக்கு மட்டம்" என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம். குறை இழையில் இருக்கலாம், சோதனையில் இருக்கலாம், இழையைக் கையாண்ட விதத்திலும் இருக்கலாம். மூன்றும் விட்டுச்செல்லும் தடயங்கள் வேறுவேறு. சராசரியை மட்டும் பார்த்தால் அவை கண்ணில் படாது.

தடயத்தைப் படிக்க ஒரு அடிப்படை வேண்டும். கிராஃபைட் அடுக்கின் தளத்தில் உள்ள கார்பன் பிணைப்புகள் குறையே இல்லாமல் இருந்தால் ஏறத்தாழ 100 கிகாபாஸ்கல் தாங்கும். ரோஜர் பேகன் 1960இல் வெளியிட்ட கிராஃபைட் விஸ்கர்கள் (மயிர்போல் மெல்லிய படிகங்கள்) 20 கிகாபாஸ்கலைத் தொட்டன. ஜப்பானிய நிறுவனமான டோரேயின் டி300 இழைக்குத் தரவுத்தாள் சொல்வது 3.53 கிகாபாஸ்கல், டி700எஸ்ஸுக்கு 4.9, டி1100ஜிக்கு 7. அதாவது உச்சவரம்பில் 3.5 முதல் 7 விழுக்காடுதான். மாடுலஸின் (நீளவிடாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) கதை வேறு. கிராஃபைட் தளத்தின் மாடுலஸ் சுமார் 1000 கிகாபாஸ்கல். டி300 இழையிடம் 230 இருக்கிறது, எம்60ஜே இழையிடம் 588.

மாடுலஸ் என்பது இழை முழுவதன் சராசரி. வலிமையோ இழையிலேயே மிக மோசமான ஒற்றை இடத்தின் கணக்கு. பழுதின் அளவையும் உடையும் அழுத்தத்தையும் இணைக்கும் கிரிஃபித் சமன்பாட்டில் டி300இன் எண்களைப் போட்டு, பரப்பு ஆற்றலைச் சதுர மீட்டருக்கு 4.2 ஜூல் என்று வைத்தால், 3.53 கிகாபாஸ்கலில் இழையை அறுக்க சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள ஒரு பழுது போதும். அதே எண்களில் 7 கிகாபாஸ்கல் வேண்டுமென்றால் சுமார் 12.5 நானோமீட்டருக்கு மேல் ஒரு பழுதுகூட இருக்கக் கூடாது. இழையின் விட்டம் 7 மைக்ரான், அதாவது 7000 நானோமீட்டர். இழுவலிமையைக் கட்டுப்படுத்துவது இந்தச் சிறு பழுதுகள்தான். கீழே வரும் சோதனைகள் பெரும்பாலும் அந்தப் பழுது எங்கே, எப்போது வந்தது என்று தேடுபவை.

எதற்கும் முன்: இரண்டு எண்களை அருகருகே வையுங்கள்

வலிமையையும் மாடுலஸையும் ஒரே இழைகளிலிருந்து எடுங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் குறுக்குப் பரப்புக் கணக்கைச் சந்தேகியுங்கள். மாடுலஸ் மட்டும் குறைந்திருந்தால் எந்திரத்தின் இளக்கத்தை (சோதனைக் கருவியே சற்று நீண்டுகொடுப்பதை) சந்தேகியுங்கள். மாடுலஸ் சரியாக இருந்து வலிமை மட்டும் விழுந்திருந்தால், அப்போதுதான் இழையில் பழுது தேட வேண்டும். அல்லது கிரிப்பில், அதாவது இழையின் முனையைப் பிடிக்கும் பிடியில்.

அறிகுறி: இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவு (அல்லது அதிகம்)

விட்டத்தில் 5 விழுக்காடு பிழை பரப்பில் 10 விழுக்காடாகிவிடும். 7 மைக்ரான் இழையில் 5 விழுக்காடு என்பது 0.35 மைக்ரான். ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான் சுமாருக்கு இருக்கும்போது, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் விளிம்பைப் பார்த்து அளந்த விட்டத்தை நம்பவே கூடாது. லேசர் விளிம்பு விலகல் முறையிலோ எலக்ட்ரான் நுண்ணோக்கியிலோ அளக்கலாம். எந்த வழியில் அளந்தாலும் எடைக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டி300, 3000 இழை டோவை (இழைகளின் கட்டு) எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 198 கிராம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.76 கிராம். ஒரு மீட்டருக்கு 0.198 கிராம் என்பதால் பரப்பு 0.1125 சதுர மில்லிமீட்டர். 3000ஆல் வகுத்தால் ஓர் இழைக்கு 37.5 சதுர மைக்ரான். வட்டமாகக் கொண்டால் விட்டம் 6.9 மைக்ரான். நீங்கள் அளந்த சராசரி இதிலிருந்து 2 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அளவீட்டில் கோளாறு. எடை பார்க்கும்போது சைசிங்கின் (இழைமேல் உள்ள மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) எடையைக் கழிக்க மறக்காதீர்கள். அவரைவிதை வடிவில் குறுக்குவெட்டு உள்ள இழைகளில் "விட்டம்" என்ற சொல்லுக்கே பொருளில்லை, பரப்பைத்தான் எடுக்க வேண்டும்.

எல்லா இழைக்கும் ஒரே சராசரி விட்டத்தைப் போடுவது இன்னொரு வழக்கம். சராசரி வலிமை அதிகம் கெடாது. ஆனால் இழைக்கு இழை உள்ள தடிமன் வேறுபாடு முழுவதும் வலிமைச் சிதறலாக வேடம் போட்டு வரும்.

அறிகுறி: மாடுலஸ் மட்டும் குறைவு, கேஜ் நீளம் (சோதனையில் இழுபடும் இழைப்பகுதியின் நீளம்) குறைந்தால் இன்னும் குறைகிறது

இது எந்திர இளக்கம். 25 மில்லிமீட்டர் இழை 1.5 விழுக்காடு நீளும்போது மொத்த நீட்சி 0.375 மில்லிமீட்டர்தான். பசை, காகிதச் சட்டம், லோட் செல் (விசையை அளக்கும் உணரி) எல்லாம் சேர்ந்து 0.03 மில்லிமீட்டர் கொடுத்தால் மாடுலஸ் 7 விழுக்காடு குறைவாகத் தெரியும். 10 மில்லிமீட்டர் இழையில் அதே 0.03 மில்லிமீட்டர் 17 விழுக்காட்டைத் தின்றுவிடும். மூன்று கேஜ் நீளங்களிலாவது சோதித்து, நீளத்தைப் பரப்பால் வகுத்த எண்ணைக் கிடை அச்சிலும், நீட்சியை விசையால் வகுத்த எண்ணைக் குத்து அச்சிலும் வையுங்கள். நேர்கோடு குத்து அச்சை வெட்டும் இடம்தான் எந்திர இளக்கம். அதைக் கழித்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: இழை கிரிப் ஓரத்திலேயே, பசைத் துளியின் விளிம்பிலேயே அறுகிறது

ஒற்றை இழைச் சோதனையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

7 மைக்ரான் இழையை 0.23 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தாலே அதன் வெளிப்பக்கம் 1.5 விழுக்காடு நீண்டுவிடும். இழுக்கவே வேண்டாம், வளைவு மட்டுமே டி300ஐ அறுக்கப் போதும். 2.3 மில்லிமீட்டர் ஆரமுள்ள, கண்ணுக்கே தெரியாத மெல்லிய வளைவுகூட உடைவு நீட்சியில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே செலவழித்துவிடும். சட்டத்தில் இழை சாய்வாக ஒட்டப்பட்டிருந்தால் பசை விளிம்பில் நடப்பது இதுதான்.

செய்ய வேண்டியது இப்படி. 25 மில்லிமீட்டர் சாளரம் வெட்டிய தடித்த காகிதச் சட்டத்தில் நடுக்கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். இழையைக் கோட்டின்மேல் தொய்வில்லாமல், இழுவையும் இல்லாமல் படுக்கவிட்டு, இரு முனையையும் ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். சாளர விளிம்பில் கெட்டியான எப்பாக்ஸியை ஊசிமுனையளவு வையுங்கள். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை வேண்டவே வேண்டாம். அது இழை வழியே ஊர்ந்து சாளரத்துக்குள் சில மில்லிமீட்டர் போய்விடும். கேஜ் நீளம் உங்களுக்குத் தெரியாமலே சுருங்கிவிடும். பசை முழுதாக இறுகிய பின் சட்டத்தைக் கிரிப்பில் மாட்டி, பக்கக் காகிதத்தை வெட்டுங்கள். கத்தரிக்கோல் சட்டத்தை முறுக்கும் என்பதால் சூடான கம்பியால் எரித்துவிடுவது நல்லது. நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் வேகம் போதும். இந்த இழை அறும்போது லோட் செல்லில் இருக்கும் விசை வெறும் 0.13 நியூட்டன், பதின்மூன்று கிராம் எடைதான். 100 நியூட்டன் லோட் செல்லை வைத்து இதை அளக்கப் பார்க்காதீர்கள்.

மாட்டும்போதே அறுந்துபோன இழைகளின் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பலவீனமான இழைகள்தான் முதலில் அறும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், மிஞ்சிய வலுவானவற்றின் சராசரிதான் கையில் இருக்கும். 30 இழை சோதிக்க 50 மாட்ட வேண்டியிருந்தது என்றால், அந்த முடிவு இழையின் வலிமையைக் கூட்டித்தான் சொல்கிறது.

அறிகுறி: ஒற்றை இழையில் நல்ல எண், உலர்ந்த டோவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை

இழையில் குறை இல்லை, இது கட்டின் கணக்கு. உலர்ந்த டோவில் ஓர் இழை அறுந்தால் அதன் சுமை மற்றவற்றின்மேல் முழு நீளத்துக்கும் ஏறிவிடும். இழைகளின் வெய்புல் எண் (வலிமைச் சிதறலைக் காட்டும் எண், கூடினால் சிதறல் குறைவு) 5 என்றால், எல்லா இழையும் ஒரே சீராக இழுபட்டாலும் கட்டின் வலிமை ஒற்றை இழைச் சராசரியில் 65 விழுக்காடுதான் வரும். 10 என்றால் 76. நடைமுறையில் தொய்வும் முறுக்கும் இதை இன்னும் கீழே இறக்கும்.

அதனால்தான் டோவைப் பிசினில் தோய்த்து இறுக வைத்துச் சோதிக்கிறார்கள் (ஐஎஸ்ஓ 10618). பிசினுக்குள் அறுந்த இழை, அறுந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே சுமையை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். மற்ற இடங்களில் அது வேலை செய்துகொண்டே இருக்கும். தரவுத்தாளில் நீங்கள் பார்க்கும் எண் இப்படி எடுத்தது, வலிமை கணக்கிடும்போது இழையின் பரப்பு மட்டுமே சேரும்.

தோய்த்த டோவிலும் எண் குறைந்தால் மூன்றைப் பாருங்கள். பிசினின் உடைவு நீட்சி இழையுடையதைப்போல் இரு மடங்காவது இருக்கிறதா? பிசின் முதலில் விரிசல் விட்டால் அந்த விரிசலே இழைகளை வெட்டும். டோ இழுவையோடு இறுகியதா? தொய்வாக இறுகியிருந்தால் இழைகள் அலை அலையாக நிற்கும். ஒளியைச் சாய்வாகக் காட்டினால் வெளிறிய திட்டுகள் தெரிகின்றனவா? அவை பிசின் ஏறாத உலர்ந்த இடங்கள்.

அறிகுறி: கேஜ் நீளம் கூடக் கூட வலிமை இறங்குகிறது, அதோடு 20 விழுக்காட்டுக்கு மேல் சிதறல்

இதில் பிழை எதுவும் இல்லை. இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போவதுதான் பிழை. நீண்ட இழையில் பெரிய பழுது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவே. ஒற்றைக் கார்பன் இழைகளின் வெய்புல் எண் பெரும்பாலும் 4 முதல் 6க்குள் வரும். 5 என்றாலே திட்டவிலக்கம் சராசரியில் 23 விழுக்காடு.

நீள விகிதத்தை வெய்புல் எண்ணின் தலைகீழ் அடுக்குக்கு உயர்த்தினால் வலிமை விகிதம் கிடைக்கும். 25 மில்லிமீட்டரில் 4 கிகாபாஸ்கல் தந்த இழை, எண் 5 என்றால், 150 மில்லிமீட்டரில் 2.8 தரும். 1 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 7.6 வரும், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மிகக் குறுகிய நீளத்தில் பெரிய பழுதுகள் ஒதுங்கி வேறு வகைப் பழுது ஆட்சிக்கு வரும், கோடு அதே சரிவில் போகாது. கேஜ் நீளத்தைச் சொல்லாமல் ஒற்றை இழை வலிமையைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. இருவேறு ஆய்வகங்களின் எண்கள் மோதும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வெய்புல் கோடு வரைய 30 இழைக்குக் குறையாமல் வேண்டும். வலிமைகளை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வரிசை எண்ணிலிருந்து அரையைக் கழித்து மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் உடைவு நிகழ்தகவு கிடைக்கும். பிழைத்திருக்கும் நிகழ்தகவின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, மறுபடி மடக்கை எடுத்து, வலிமையின் மடக்கைக்கு எதிரே வையுங்கள். சரிவுதான் வெய்புல் எண்.

அறிகுறி: அந்தக் கோடு நடுவில் ஒடிகிறது

கீழ்ப்பகுதி ஒரு சரிவு, மேல்பகுதி இன்னொரு சரிவு என்றால் இரண்டு வகைப் பழுதுகள் கலந்திருக்கின்றன என்று பொருள். மூலத்தைத் தேட நல்ல வாய்ப்பு இது. ஒடிவுக்குக் கீழே இருக்கும் இழைகளின் உடைந்த முகங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்.

காற்றில் அறும் கார்பன் இழை தேங்கிய ஆற்றலால் பல துண்டாகச் சிதறிவிடும்; முதலில் உடைந்த முகம் கிடைக்காது. சாளரத்தில் இழைமேல் கிளிசரின் துளி பூசி இழுத்தால் அதிர்ச்சி அடங்கி, இரண்டு முனைகளும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிறகு தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். முகத்தில் பார்க்க வேண்டியது கோடுகளின் திசை. உடைவு தொடங்கிய புள்ளியைச் சுற்றிக் கண்ணாடிபோல் வழுவழுப்பான ஒரு பகுதி இருக்கும். அதைத் தாண்டினால் சொரசொரப்பு, அதற்கும் அப்பால் விசிறிபோல் விரியும் வரிகள். வரிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் மூலத்தில் போய் நிற்பீர்கள். வழுவழுப்பான பகுதி சிறிதாக இருந்தால் அந்த இழை உயர்ந்த அழுத்தத்தில் அறுந்தது என்று பொருள்.

மூலம் விளிம்பில் இருந்து, பக்கச்சுவரில் கீறல் அல்லது குழி தெரிந்தால் பழுது பரப்பில். விளிம்பில் ஒட்டுத் தழும்பு தெரிந்தால் அடுப்பில் இழையோடு இழை ஒட்டியிருந்து பிரிந்த இடம். முகத்தின் உள்ளே உருண்டையான வெற்றிடம் இருந்தால், அதிலும் அதற்குள் ஒரு துகள் இருந்தால், நூற்கும் கரைசலிலேயே அந்நியப் பொருள் இருந்திருக்கிறது. வெற்றிடம் நீள ஊசியாக இழையின் போக்கில் கிடந்தால் உறைகுளியலில் (நூற்ற கரைசலை இழையாக உறையவைக்கும் திரவத்தில்) பிறந்த துளை என்று சந்தேகிக்கலாம்.

அறிகுறி: டோவில் பஞ்சு பறக்கிறது, ஒரே ஸ்பூலில் இடத்துக்கு இடம் வலிமை மாறுகிறது

கையாளுதல். வழிகாட்டி வளையங்கள், உருளைகள், இழுவை மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். பீங்கான் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒவ்வொரு மீட்டரிலும் அது கீறிக்கொண்டே இருக்கும். வளையத்தின் உள்விளிம்பில் மெல்லிய பஞ்சைச் சுற்றி இழுத்தால் வெடிப்பில் சிக்கும். ஸ்பூலைச் சுழலவிட்டுப் பக்கவாட்டில் பிரியுங்கள். நிறுத்திவைத்துத் தலைவழியே இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டோவில் ஒரு முறுக்கு ஏறும். பறக்கும் இழைத்துண்டுகள் மின்சாரம் கடத்தும் என்பதை நினைவில் வைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டிகளை மூடி வையுங்கள். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள்.

அறிகுறி: சைசிங்கை நீக்கிய பிறகு வலிமை சரிந்தது

காற்றில் சுட்டு நீக்கினீர்களா? 400 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கார்பன் இழை காற்றில் மெல்ல ஆக்சிகரணமடையத் தொடங்கும். சோடியம், பொட்டாசியம் போன்ற உலோக மாசு இருந்தால் இது விரைவுபடும். எடை இழப்பு ஒரு விழுக்காடுகூட இல்லாமல் குழி விழலாம். 50 நானோமீட்டர் பழுதே இழையை அறுக்கும்போது எடையைப் பார்த்து ஆறுதலடைய முடியாது. அசிட்டோனில் சாக்ஸ்லெட் முறையில் (கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்துத் திரும்பத் திரும்பக் கழுவுவது) பல மணி நேரம் கழுவுவதே பாதுகாப்பு. கரையாத சைசிங்கைச் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நைட்ரஜனில் சுடுங்கள், இழை குளிரும்வரை காற்றைத் திறக்காதீர்கள்.

பரப்பை அரிப்பது எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. மிதமான, சீரான அரிப்பு பரப்புக் கீறல்களை மழுக்கி வலிமையைச் சற்றுக் கூட்டவும் செய்யும். அதன் பிறகு உள்பழுதுகள் எல்லை போடும், மேலும் அரித்தால் குழிகள் ஆழமாகி எண் இறங்கத் தொடங்கும். மின்வேதி முறையில் பரப்பைப் பதப்படுத்துபவர்கள் மின்னூட்ட அளவை மூன்று நான்கு படிகளில் மாற்றி, ஒவ்வொரு படியிலும் இழுத்துப் பார்த்துத்தான் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் தயாரித்த இழையே பலவீனம்

பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையிலிருந்து நீங்களே தயாரிக்கிறீர்கள் என்றால் அடுப்பைத் தொடுவதற்கு முன் ஆக்சிகரணமான இழையின் (கார்பனாக்கும் முன் காற்றில் சூடேற்றி நிலைப்படுத்தியது) குறுக்குவெட்டைப் பாருங்கள். பிசினில் புதைத்து மெருகேற்றி ஒளி நுண்ணோக்கியில் வைத்தால், கறுத்த வெளிவளையமும் வெளிறிய நடுவும் தெரிகிறதா? ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேரவில்லை. கார்பனாக்கும்போது அந்த நடுப்பகுதி ஆவியாகி உள்ளீடற்ற குழாய்போல் ஆகலாம். 200 முதல் 300 டிகிரிக்குள் செய்யும் இந்த நிலைப்படுத்தலை அவசரப்படுத்தி வெப்பத்தைக் கூட்டினால் வளையம் இன்னும் கெட்டியாகி ஆக்சிஜனை மேலும் தடுக்கும், வெப்பம் கட்டுமீறி இழை உருகி ஒட்டவும் வாய்ப்புண்டு. வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். பரவும் நேரம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், மெல்லிய மூல இழைக்கு மாறுவது இன்னும் வலுவான தீர்வு. 1.18 இருந்த அடர்த்தி 1.34 முதல் 1.39க்குள் வந்துவிட்டதா என்பது வழக்கமான சரிபார்ப்பு. ஆனால் அடர்த்தியும் ஒரு சராசரிதான், வளையத்தை அது மறைத்துவிடும்.

ஒட்டிய இழைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சைசிங் இல்லாத டோவில் அரை சென்டிமீட்டர் நறுக்கி, சோப்பு கலந்த தண்ணீரில் கலக்கி, கருப்பு இழை தெரியும் வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். தனித்தனியாக மிதப்பவை நல்லவை. எவ்வளவு கலக்கினாலும் பிரியாத குச்சிகள் தென்பட்டால் மூல இழையின் சிலிக்கோன் பூச்சு சீராக இல்லை, அல்லது அடுப்பின் முதல் வெப்ப மண்டலத்தில் வெப்பநிலை அதிகம்.

வெற்றிடத்துக்குள் துகள் கண்டவர்கள் வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள். 1974இல் மோரெட்டனும் வாட்டும் தூசில்லா அறையில் பாலிஅக்ரிலோநைட்ரைல் நூற்று, அந்த இழையிலிருந்து கிடைத்த கார்பன் இழையின் வலிமை தெளிவாகக் கூடுவதைக் காட்டினார்கள். அவர்கள் கூடுதலாகச் செய்தது தூசை விலக்கியதே.

கடைசியாக ஒன்று. கார்பனாக்கும் வெப்பநிலையைக் கூட்டக் கூட மாடுலஸ் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 1500 டிகிரிக்கு மேல் வலிமை இறங்குகிறதா? படிகங்கள் வளர்ந்து அடுக்குகள் நேராகின்றன. மாடுலஸ் ஏறுவது அதனால்தான். அதே வளர்ச்சியில், இழையின் அச்சுக்குச் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய படிகம் அடுக்குக்கு அடுக்கு வழுக்கிப் பிளந்து, அந்தப் பிளவு பக்கத்துப் படிகங்களுக்குத் தாவுகிறது என்பதே ரெனால்ட்ஸும் ஷார்ப்பும் 1974இல் தந்த விளக்கம். உள்ளே சிக்கிய மாசுத் துகள்களும் அந்த வெப்பத்தில் ஆவியாகி வெற்றிடங்களை விட்டுச்செல்லும். அடுப்பின் வெப்பநிலையைக் குறைப்பது ஒரு வழி. அப்போது மாடுலஸை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் மூல இழையைச் சுத்தமாக்கி, நிலைப்படுத்தும்போது இழுவையைத் தளர்த்தாமல் பிடித்து, சாய்ந்த படிகங்கள் உருவாகாமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.